அலறிய கழுகு: கென்டக்கி மலைநாட்டு வார இதழ் ஒன்றின் வரலாறு

பெருமுதலாளியின் பணமும் கட்சியின் அரவணைப்பும் இல்லாத ஒரு கிராமப்புற வார இதழ், தன் ஊரின் அதிகாரத்தையே கேள்வி கேட்டுக்கொண்டு தலைமுறைகளைத் தாண்டி நிற்பது நடக்கிற காரியமா என்றும், நடந்திருந்தால் அதைத் தாங்கியது ஆசிரியரின் துணிவா, வாசகரின் ஆதரவா என்றும் கேட்டிருக்கிறீர்கள். நடந்திருக்கிறது. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், அப்பலாச்சிய மலைகளுக்கு நடுவே உள்ள வைட்ஸ்பர்க் என்ற சிற்றூரிலிருந்து வெளிவரும் ‘தி மவுண்டன் ஈகிள்’ (மலைக் கழுகு) என்ற இதழின் கதையை ஆதாரமாகக் கொண்டு விடை சொல்கிறேன். உங்கள் இரண்டாவது கேள்விக்கு ஆசிரியரின் துணிவு என்றுதான் பெரும்பாலானோர் பதில் சொல்வார்கள். அந்தத் துணிவை நான் பெரிதும் மதிக்கிறேன். ஆயினும் அது பாதி விடைதான் என்பது என் கருத்து.

வைட்ஸ்பர்க், லெட்சர் கவுண்டியின் தலைநகரம். கவுண்டி என்பதை நம் ஊர் வட்டத்துக்கு நிகரான ஒரு நிர்வாகப் பிரிவு என்று கொள்ளலாம். கென்டக்கி ஆற்றின் வடகிளை ஓடும் குறுகிய பள்ளத்தாக்கில், இரண்டாயிரம் பேர்கூட இல்லாத ஊர் அது. 1907ஆம் ஆண்டு நெகேமியா வெப் என்பவர் இங்கே இந்த இதழைத் தொடங்கியபோது ரயில்கூட வந்து சேரவில்லை. அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் லூயிவில்–நாஷ்வில் ரயில்பாதை பள்ளத்தாக்குக்குள் நுழைந்தது. பின்னாலேயே நிலக்கரி நிறுவனங்கள் வந்தன. ஜென்கின்ஸ் என்ற ஊரை ஒரு நிலக்கரி நிறுவனமே வீடு, கடை, பள்ளி, மருத்துவமனை எல்லாம் சேர்த்துக் கட்டி எழுப்பியது. ஆக, அந்தக் கவுண்டியில் நிலக்கரித் தொழிலைவிட இதழுக்கு வயது சற்றே அதிகம்.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் ஏறக்குறைய கவுண்டிக்கு ஒரு வார இதழாவது இருந்தது. அது எப்படிச் சாத்தியப்பட்டது என்பதைப் புரிந்துகொள்ளாமல் இந்த வரலாறு விளங்காது. 1851ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, ஒரு வார இதழைத் தன் கவுண்டிக்குள் இருக்கும் சந்தாதாரர்களுக்கு அஞ்சல் துறை கட்டணமின்றிக் கொண்டுபோய்க் கொடுத்தது; அந்தச் சலுகை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு நீடித்தது. வரவுசெலவுக் கணக்கு, வரிப் பாக்கிக்கான நில ஏலம், ஒப்பந்தப்புள்ளி போன்ற சட்டப்படியான அறிவிப்புகளை உள்ளாட்சி அமைப்புகள் உள்ளூர் இதழில் பணம் கொடுத்து வெளியிட வேண்டும் என்ற விதியும் இருந்தது. இதோடு, நகரத்து நிறுவனங்கள் இரண்டு பக்கங்களைத் தாங்களே அச்சடித்து அனுப்ப, மறுபுறத்தில் மட்டும் உள்ளூர்ச் செய்தியை அச்சிட்டுக்கொள்ளும் முறை 1860களிலிருந்தே பரவியிருந்தது. ஒரு கை அச்சுப்பொறியும் எழுத்துக்கோக்கத் தெரிந்த ஒருவரும் இருந்தால் போதும், இதழ் ஓடிவிடும். ஆனால் இந்த ஏற்பாட்டுக்குள்ளேயே ஒரு கட்டுப்பாடும் இருந்தது. அரசு அறிவிப்பைத் தருகிற அதிகாரியையும், விளம்பரம் தருகிற கடைக்காரரையும் பகைத்துக்கொண்டு ஓர் இதழ் நெடுநாள் பிழைப்பது அரிது. அதனால்தான் பெரும்பாலான கவுண்டி இதழ்கள் திருமணம், மரணம், தேவாலயக் கூட்டம், அறுவடை என்ற எல்லைக்குள்ளேயே நின்றன. ஈகிளும் தன் முதல் ஐம்பது ஆண்டுகளில், ‘ஒவ்வொரு வியாழனும் வெளிவரும், நட்புணர்வுள்ள, கட்சி சாராத வார இதழ்’ என்று முகப்பில் போட்டுக்கொண்டு, அந்த வரிக்கு ஏற்பவே நடந்துகொண்ட இதழ்தான்.

1956ஆம் ஆண்டின் இறுதியில் டாம் கிஷ், பாட் கிஷ் என்ற தம்பதி அதை விலைக்கு வாங்கினார்கள். டாம் அந்தக் கவுண்டியிலேயே, சீகோ என்ற சுரங்கக் குடியிருப்பில் வளர்ந்தவர். மாநிலத் தலைநகரான ஃபிராங்ஃபோர்ட்டில் யுனைடெட் பிரஸ் செய்தி நிறுவனத்துக்காகச் சட்டமன்றச் செய்திகளை எழுதிவந்தார். பாட் லெக்சிங்டனில் ஒரு நாளிதழின் நிருபர். இருவரும் நல்ல வேலையில் இருந்தவர்கள். ஊருக்குத் திரும்பி அமைதியாக ஒரு வார இதழை நடத்தலாம் என்று வந்தவர்கள். அவர்கள் வந்த நேரம்தான் பொல்லாதது. 1950இல் சுரங்கத் தொழிலாளர் சங்கமும் முதலாளிகளும் செய்துகொண்ட உடன்பாட்டுக்குப் பிறகு, நிலக்கரி வெட்டும் வேலையை இயந்திரங்கள் வேகமாக எடுத்துக்கொண்டன. வேலையிழந்த குடும்பங்கள் டெட்ராய்ட், சின்சினாட்டி, டேட்டன் என்று வடக்கு நோக்கிப் புறப்பட்டன. 1950இல் ஏறத்தாழ 39,500 ஆக இருந்த லெட்சர் கவுண்டியின் மக்கள்தொகை 1970இல் ஏறத்தாழ 23,000 ஆகச் சரிந்தது.

புதிய ஆசிரியர்கள் செய்த முதல் காரியம், கேட்பதற்கு மிகச் சாதாரணமானது. பள்ளி வாரியக் கூட்டத்துக்கும் கவுண்டி நிர்வாக மன்றக் கூட்டத்துக்கும் போய் உட்கார்ந்து, அங்கே யார் என்ன பேசினார், எந்தத் தீர்மானத்துக்கு எப்படி வாக்களித்தார் என்பதைக் குறித்துக்கொண்டு அப்படியே அச்சிட்டார்கள். நகரத்து நாளிதழில் இது அன்றாட வேலை. அங்கேயோ வெளியார் வந்து உட்காரும் வழக்கமே கிடையாது. சுரங்க வேலைகள் குறைந்துபோன ஒரு கவுண்டியில் பள்ளி வாரியம்தான் பெரிய முதலாளி என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி ஆசிரியர் முதல் பேருந்து ஓட்டுநர், சமையல்காரர், துப்புரவாளர் வரை ஒவ்வொரு வேலையும் யாரோ ஒருவரின் தயவில் கிடைப்பது. ஒவ்வொரு வேலையும் தேர்தலில் சில வாக்குகள். இப்படிப்பட்ட இடத்தில், ஓரறைப் பள்ளிக்கூடங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்று எழுதுவதும், வாரியத்தில் பேசியதைப் பெயரோடு அச்சிடுவதும் எத்தனை பேருடைய வயிற்றைக் கலக்கியிருக்கும் என்பதை நம் ஊராட்சி அரசியலை அறிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இரண்டு மன்றங்களும் அவர்களை உள்ளே விடாமல் தடுக்கப் பார்த்தன. அவர்களும் விடாமல் போய் நின்றார்கள். பொது அமைப்புகளின் கூட்டங்களை மக்களுக்குத் திறந்துவிடும் சட்டம் கென்டக்கியில் 1974இலும், ஆவணங்களைத் திறந்துவிடும் சட்டம் 1976இலும்தான் வந்தன. அதற்கு முன் ஏறத்தாழ பதினேழு ஆண்டுகள் சட்டத்தின் துணையின்றியே அந்த நாற்காலிகளுக்காக அவர்கள் போராட வேண்டியிருந்தது.

எதிர்வினை விளம்பரத்தின் வழியாக வந்தது. கடைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக விலகினார்கள்; இதழின் பக்கங்கள் மெலிந்தன. தம்பதிக்குக் குழந்தைகள் ஐவர். பாட், கிழக்குக் கென்டக்கியில் ஏழைகளுக்கு வீடு கட்டித் தரும் ஓர் அமைப்பை உருவாக்கிப் பல ஆண்டுகள் அதை நடத்தினார். இதழ் வேலையும் பார்த்தார். இந்தக் கதையைச் சொல்பவர்கள் டாமின் பெயரையே முதலில் சொல்கிறார்கள். கூட்டக் குறிப்பு, கணக்கு, வீட்டு நிர்வாகம் மூன்றையும் சுமந்த பாட் இல்லாவிட்டால் இதழ் 1960களைத் தாண்டியிருக்காது என்றே நான் நினைக்கிறேன். முகப்பு வாசகத்தையும் அவர்கள் மாற்றினார்கள். பழைய நீண்ட வரி போய், கழுகின் படத்தோடு, ‘இது அலறும்’ என்ற சிறு வரி வந்தது.

அந்த இதழ் எடுத்துக்கொண்ட விஷயங்களில் தலையானது, மலையை மேலிருந்து வெட்டி நிலக்கரி எடுக்கும் மேற்பரப்புச் சுரங்கம். அதன் பின்னே ஒரு கொடிய பத்திரம் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்திலும் நிலக்கரித் தரகர்கள் மலைக்குடும்பங்களிடம் வந்து, நிலம் உங்களுடையதாகவே இருக்கட்டும், அடியில் உள்ள கனிமத்தை மட்டும் எங்களுக்குக் கொடுங்கள் என்று ஏக்கருக்கு அரை டாலர், ஒரு டாலர் என்ற விலையில் எழுதி வாங்கினார்கள். கையெழுத்துப் போடத் தெரியாமல் கீறல் போட்டவர்கள் ஏராளம். கனிமத்தை எடுக்கத் தேவையான எதையும் செய்துகொள்ளும் உரிமை அந்தப் பத்திரத்தில் அடங்கியிருந்தது. எழுதிக்கொடுத்தவர்களின் மனத்தில் இருந்தது, மலையின் பக்கவாட்டில் குடைந்து போகும் சுரங்கம். அரை நூற்றாண்டு கழித்து புல்டோசர்கள் வந்தபோது, காட்டையும் தோட்டத்தையும் மேல்மண்ணையும் வாரித் தள்ளிவிட்டு நிலக்கரியை அள்ளும் உரிமையும் அந்தப் பத்திரத்தில் உண்டு என்று கென்டக்கி நீதிமன்றங்கள் 1950களில் தீர்ப்பளித்தன. நில உரிமையாளரின் சம்மதம் வேண்டாம். பல சந்தர்ப்பங்களில் இழப்பீடும் இல்லை. சரிந்த மண் ஓடைகளை நிரப்பியது, கிணறுகள் கெட்டன, மழைக்காலத்தில் பாறைகள் வீடுகளின்மேல் உருண்டன. 1965இல் பக்கத்து நாட் கவுண்டியில் ஓலி கோம்ப்ஸ் என்ற விதவை மூதாட்டி புல்டோசருக்கு முன்னால் தரையில் கிடந்து மறித்தார். காவலர்கள் அவரைக் கைகால்களைப் பிடித்துத் தூக்கிச் சென்ற படம் நாடு முழுக்க வெளியானது.

ஈகிள் இதைத் தொடர்ந்து எழுதியது. தனி முதலாளிகளோடு நிற்காமல், மலிவு நிலக்கரியைப் பெருமளவில் வாங்கி இந்தச் சுரங்க முறையை வளர்த்துவிட்ட டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் என்ற நடுவண் அரசின் மின் நிறுவனத்தையும் கடுமையாகச் சாடியது. அந்த ஆணையத்தை முற்போக்குத் திட்டத்தின் அடையாளமாக நகரத்து அறிவாளிகள் கொண்டாடிவந்த காலம் அது. மலைநாட்டு இதழ் ஒன்று அதன் மறுபக்கத்தைக் காட்டியதை அவர்கள் எளிதில் ஏற்கவில்லை. பத்திரப் பிரச்சினை தீர நெடுங்காலம் ஆயிற்று. 1977இல் மேற்பரப்புச் சுரங்கங்களை ஒழுங்குபடுத்தும் நடுவண் சட்டம் வந்தது. 1988இல்தான் கென்டக்கி மக்கள், வாக்களித்தவர்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேற்பட்டோர் ஆதரவோடு, நில உரிமையாளரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கும் அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள்.

1963 அக்டோபரில் நியூயார்க் டைம்ஸ் நிருபர் ஹோமர் பிகார்ட் கிழக்குக் கென்டக்கியின் பசியைப் பற்றி எழுதிய செய்தி வாஷிங்டனை உலுக்கியது. அடுத்த ஆண்டு அதிபர் ஜான்சனின் அரசு வறுமைக்கு எதிரான போரை அறிவித்தது. நகரத்து நிருபர்களும் படக்குழுக்களும் அதிகாரிகளும் மலைநாட்டுக்குப் படையெடுத்தார்கள். வைட்ஸ்பர்க்குக்கு வந்தவர்கள் வழக்கமாக முதலில் ஏறியது ஈகிள் அலுவலகத்தின் படியைத்தான். கிஷ் தம்பதி அவர்களுக்கு வழிகாட்டினார்கள். அதே கையால், வறுமை ஒழிப்புப் பணத்தை உள்ளூர் அரசியல்வாதிகள் தங்கள் ஆட்களுக்குப் பங்கிட்டுக்கொள்வதையும் எழுதினார்கள். இந்தக் காலத்தில் இன்னொன்றும் நடந்தது. 1967 செப்டம்பரில், ஜெரமையா என்ற சிற்றூரில் வாடகைக் குடிசை ஒன்றில் வாழ்ந்தவரைப் படமெடுத்துக்கொண்டிருந்த ஹியூ ஓகானர் என்ற கனடிய திரைப்படக்காரரை அந்த நிலத்தின் உரிமையாளர் சுட்டுக் கொன்றார். கொலைக்கு நியாயம் எதுவும் கிடையாது. ஆனால் தங்கள் கந்தலை மட்டும் படமெடுத்துப்போய் உலகுக்குக் காட்டுகிறார்கள் என்ற மனக்கசப்பு அந்த மலைகளில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பதை அந்நிகழ்ச்சி காட்டிவிட்டது.

அப்படியானால், அதே வறுமையையும் அதே ஊழலையும் வாரந்தோறும் எழுதிய ஈகிளை அந்த மக்கள் ஏன் சகித்துக்கொண்டார்கள், ஏன் காசு கொடுத்து வாங்கினார்கள் என்ற கேள்வி எழுகிறது. விடை இதழின் உட்பக்கங்களில் இருக்கிறது. முதல் பக்கத்தைத் திருப்பினால் மில்ஸ்டோன், ஜெரமையா, பிளாக்கி போன்ற சிற்றூர்களின் பெயர்களைத் தலைப்பாகக் கொண்ட கடிதங்கள் வரிசையாக வரும். எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தந்த ஊரின் வயதான பெண்மணிகள். யாருக்கு உடம்பு சரியில்லை, டேட்டனிலிருந்து எந்த மகன் மனைவி மக்களோடு வந்து போனான், எந்தத் தேவாலயத்தில் ஞாயிற்றுக்கிழமை யார் பிரசங்கம், உருளைக்கிழங்கு நட எந்தப் பிறை நல்லது, நூலில் கோத்து உலர்த்திய அவரைக்காய் இந்த ஆண்டு எப்படி வந்திருக்கிறது, யாருடைய குடும்பக் கல்லறையில் களை எடுக்கும் நாள் வருகிறது என்ற செய்திகளே அவற்றின் சாரம். கிஷ் தம்பதி அந்தக் கடிதங்களை நகரத்து நடைக்குத் திருத்தவில்லை. மலைப்பேச்சை அதன் சொல்லும் இலக்கணமும் மாறாமல் அச்சிட்டார்கள். பத்திரிகைத் தொழிலில் பயின்ற இருவருக்கு இது எளிய முடிவாக இருந்திருக்க முடியாது. ஒரு பக்கத்தில் திருத்தமான நடையில் தலையங்கம், அடுத்த பக்கத்தில் பேசுகிறபடியே எழுதிய கடிதம் என்று இரண்டையும் சம மரியாதையோடு வைத்தார்கள்.

இதன் பயனை எளிதாக எடைபோட்டுவிடக் கூடாது. தலையங்கத்தைப் படித்துப் பல்லைக் கடித்த கடைக்காரரின் தாயார், தன் தங்கையின் ஊர்க் கடிதத்துக்காக அதே இதழை எதிர்பார்த்திருப்பார். டெட்ராய்ட் தொழிற்சாலையில் கார் பூட்டும் வேலைக்குப் போனவர், ஊரில் யார் இறந்தார் என்பதை அறிய அஞ்சலில் சந்தா கட்டுவார். விளம்பரம் ஒருசிலர் கையில் இருக்கும் வருமானம். சந்தாவோ ஆயிரக்கணக்கானவர்களிடம் சிதறிக் கிடப்பது, ஒரு தொலைபேசி அழைப்பில் யாரும் அதை நிறுத்திவிட முடியாது. நிலக்கரி முதலாளியின் கோபத்தை இதழ் தாங்கியது இந்த அடித்தளத்தின் மேல் நின்றுதான். வெளியூர் நிருபரின் கட்டுரையில் அந்த மக்கள் பரிதாபத்துக்குரியவர்கள். ஈகிளில் அவர்களே எழுத்தாளர்கள். வறுமையைப் பற்றிய கடுமையான செய்திகூட அங்கே அவமதிப்பாகப் படாமல் போனதற்குக் காரணம் இதுவே என்று நான் கருதுகிறேன்.

1974 ஆகஸ்டில் ஈகிள் அலுவலகத்துக்குத் தீ வைத்தார்கள். கருவிகளும் தாள்களும் நாசமாயின. ஊர்க் காவலர்கள் இளைஞர்களை நடத்திய விதத்தை இதழ் கண்டித்து எழுதிவந்த சமயம் அது. விசாரணையின் முடிவில், ஆட்களை அமர்த்தித் தீ வைக்கச் செய்த குற்றத்துக்காக வைட்ஸ்பர்க் காவலர் ஒருவர் தண்டிக்கப்பட்டார். பின்னணியில் நிலக்கரிப் பணம் இருந்தது என்பது கிஷ் தம்பதியின் உறுதியான நம்பிக்கை. நீதிமன்றத்தில் அது நிறுவப்படவில்லை. அவர்கள் தங்கள் வீட்டையே அலுவலகமாக்கிக்கொண்டு அடுத்த இதழைத் தயாரித்தார்கள். ‘இது இன்னும் அலறும்’ என்று முகப்பில் போட்டு அந்த இதழ் வெளிவந்தது.

ஒன்றரை ஆண்டு கழித்து அந்த அலறலுக்கு மிகத் துயரமான வேலை வந்தது. 1976 மார்ச் 9ஆம் தேதி, லெட்சர் கவுண்டியின் ஓவன் ஃபோர்க்கில் இருந்த ஸ்கோஷியா சுரங்கத்தில் மீத்தேன் வாயு வெடித்து 15 தொழிலாளர்கள் இறந்தார்கள். இரண்டு நாள் கழித்து, உள்ளே போன குழுவினர்மேல் இரண்டாவது வெடிப்பு நிகழ்ந்து மூன்று நடுவண் ஆய்வாளர்கள் உட்பட மேலும் 11 பேர் பலியானார்கள். உள்ளூர் இதழுக்கு இது தொலைவில் நடந்த விபத்து இல்லை. இறந்தவர்களின் குடும்பங்கள் அதன் வாசகர்கள். காற்றோட்டக் குறைபாடுகள் முன்பே பதிவாகியும் அபராதத்தோடு சுரங்கம் ஓடிக்கொண்டிருந்த நிலைமை பேசுபொருளாயிற்று. 1977ஆம் ஆண்டின் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம் உருவானதற்கு ஸ்கோஷியா முக்கியமான காரணங்களுள் ஒன்று.

பிற்காலத்தை விரைவாகச் சொல்லிவிடலாம். பெயர் சொல்லாமல் தொலைபேசியில் வாசகர்கள் சொல்வதை அச்சிடும் பகுதி ஒன்று இதழில் புகழ்பெற்றது. வம்புக்கும் அதில் குறைவில்லை என்பதால் எனக்கு அதன்மேல் முழு உடன்பாடு கிடையாது. கென்டக்கிப் பல்கலைக்கழகத்தின் கிராமப்புற இதழியல் நிறுவனம், துணிவும் நேர்மையும் விடாப்பிடியும் கொண்ட ஊர்ப்புற இதழாளர்களுக்காக டாம், பாட் கிஷ் பெயரில் ஒரு விருதை ஏற்படுத்தி, முதல் விருதை அவர்களுக்கே வழங்கியது. டாம் 2008இலும் பாட் 2014இலும் காலமானார்கள்; மகன் பென் கிஷ் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார்.

இனி உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். டாமும் பாட்டும் இல்லாதிருந்தால் ஈகிள் நட்புணர்வுள்ள வியாழக்கிழமை இதழாகவே முடிந்திருக்கும், அதில் ஐயமில்லை. ஆனால் துணிவு மட்டும் கொண்டு தொடங்கிய எத்தனையோ சிறு இதழ்கள் மூன்றாம் ஆண்டைத் தாண்டாததை நம் மொழியிலேயே பார்த்திருக்கிறோம். இப்படி ஓர் இதழை உங்கள் பகுதியில் தொடங்கும் எண்ணம் உங்களுக்கு இருந்தால், ஊராட்சிக் கூட்டத்துக்குத் தவறாமல் போகக்கூடிய ஒருவரைத் தேடும் அதே வாரத்தில், சுற்றுப்பட்ட ஒவ்வொரு ஊரிலும் பிறப்பு, இறப்பு, விளைச்சல், திருவிழாவை மாதம் தவறாமல் எழுதி அனுப்பக்கூடிய ஒருவரையும் தேடிக்கொள்ளுங்கள். இரண்டாமவரைக் கண்டுபிடிப்பதுதான் கடினம். கண்டுபிடித்தால் அவருடைய எழுத்தில் கை வைக்காதீர்கள்.